நாதம் கேட்டவர்களின் வரிசை

பொம்மிடியில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் நீளமான ஹால் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சிலர் அங்கே கூடி, கண்ணை மூடி உட்காருவோம். கீழேயிருந்து யூரியாவும் பூச்சிமருந்தும் கலந்த வாடை ஏறி வரும். ஸ்டேஷன் பக்கம் என்பதால் ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும். தியானம் சொல்லித்தரும் ஐயா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். "ரயிலு போகுமுங்க, போகட்டும். நீங்க கூடவே ஏறிப் போயிடாதீங்க" என்பார். நான் பல ஞாயிறு அதில் ஏறிச் சேலம் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பியிருக்கிறேன்.

நான் கடத்தூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஊர் கேட்பதை நிறுத்தியே வெகுகாலம் ஆகிறது. அம்மாவும் நானுமாக வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா போன பிறகு நானும் ஃப்ரிட்ஜும் இருந்தோம். பள்ளியில் என்னை மிஸ் என்பார்கள், தெருவில் டீச்சர், பேங்கில் மேடம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அம்மாதான். அந்தப் பெயர் இப்போது ஆதார் அட்டையில் மட்டும் இருக்கிறது.

தியானத்துக்குப் போனது பக்தி பொங்கி அல்ல. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துப் போனேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினால் திங்கட்கிழமை காலை வரை என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டிய அவசியம் இருக்காது. பால்காரர்கூடப் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பயம் வந்துவிட்டது. எங்கேயாவது நாலு பேர் மூச்சு விடும் இடத்தில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

ஐயா பேசும் அறிவியலைக் கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எல்லாமே அதிர்வுதாம்மா. குவாண்டத்துலயே நிரூபிச்சுட்டாங்க" என்பார். எந்தக் குவாண்டத்தில், யார் நிரூபித்தார்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். ஒருநாள் அடக்க முடியாமல், "அந்த அதிர்வு எத்தன ஹெர்ட்ஸுங்க ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணை மூடிச் சிரித்தார். "கணக்குக்கு அடங்காததும்மா" என்றார். கணக்குக்கு அடங்காததை எதற்குக் குவாண்டத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். முதல் மாதமே சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் உட்காருவதை அவர் சொல்லித்தந்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூச்சைப் பார். நீளமாக்காதே, குட்டையாக்காதே. என்ன வருகிறதோ அதைப் பார். வராததை வந்ததாக நினைக்காதே. வந்தது பிடிக்கவில்லை என்று தள்ளாதே. இவ்வளவுதான் பாடம். முதல்முறை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் வருஷக்கணக்காக ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

பதினோராம் வகுப்பில் தனி ஊசல் சோதனை உண்டு. நூலில் குண்டைக் கட்டி ஆட்டிவிட்டு, எத்தனை ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை ஒன்பது புள்ளி எட்டு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே தெரியும். அதனால் குண்டை ஆட்டவே மாட்டார்கள். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, வேண்டிய விநாடியை எழுதி வைத்துவிடுவார்கள். ரீடிங் போடுவது என்று அதற்குப் பெயர். நூல் அறுந்துபோன ஸ்டாண்டில்கூட எங்கள் பிள்ளைகள் அழகாக ஒன்பது புள்ளி எட்டு கொண்டுவருவார்கள். "ஒனக்கு எட்டு புள்ளி ஒண்ணு வந்தா எட்டு புள்ளி ஒண்ணுன்னு எழுது. ஏன் வந்துச்சுன்னு அப்பறம் பாக்கலாம்" என்பேன். யாரும் கேட்க மாட்டார்கள், மார்க் போய்விடுமே என்ற பயம்.

ஹாலிலும் ஒரு ஒன்பது புள்ளி எட்டு இருந்தது. அதன் பெயர் நாதம். மனம் ஆழ அடங்கினால் உள்ளே ஓர் ஒலி கேட்கும், எதுவும் எதன்மேலும் மோதாமல் தானாக எழும் ஒலி அது என்று ஐயா எப்போதோ சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து "ஒங்களுக்கு நாதம் வந்துடுச்சுங்களா?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்கிற அதே தொனி. நாதம் கேட்டவர்கள் முன்வரிசையில் பச்சை ஜமுக்காளத்தில் உட்காருவார்கள். கேட்காதவர்களுக்குப் பின்னால் பாய். இப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. அதுவாக அமைந்துவிட்டது. ஐயாவும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு அது ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டில் வந்தது. சாப்பிட்டுவிட்டு அம்மாவின் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். குக்கர் விசில் அடிப்பதற்கு முன் வெயிட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய சீறல் ஒன்று கிளம்புமே, அந்த மாதிரி ஓர் ஒலி. ஃப்ரிட்ஜாக இருக்கும் என்று பிளக்கைப் பிடுங்கினேன். ஒலி இருந்தது. ஃபேனை நிறுத்தினேன். மெயினையே அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்போதும் இருந்தது. இரண்டு காதையும் பொத்தினேன். இன்னும் தெளிவாகக் கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தால் இல்லை. வீட்டில் யாரோ இருப்பதுபோல் இருந்தது.

அடுத்த வாரமே என்னை முன்வரிசைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் என்னிடம், "உள்ள எப்பிடிங்க இருக்கும்?" என்று கேட்பார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் அது பொய். அதைவிட, பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறக்கும்போது வந்த அந்தப் பயம் நின்றுபோனது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் ஒலி எனக்காகக் காத்திருக்கும். சமைக்கும்போதும் அதோடு இருப்பேன், விடைத்தாள் திருத்தும்போதும் அதோடு இருப்பேன்.

ஜமுக்காளத்தில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா உட்காருவார். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மாந்தோப்பும் கறவை மாடும் இருக்கிற குடும்பம். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். எனக்குப் பின்னால் கொஞ்ச நாளில் முன்வரிசைக்கு வந்தவர். மிக மெல்லிய குரல். தொணதொணவென்று பேசாத மனுஷி என்று எனக்கு அவரைப் பிடிக்கும். கூட்டம் முடிந்ததும் கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போது பையிலிருந்து எடுத்து ஏதாவது கொடுப்பார். சீசனில் மாங்காய், மற்ற நாளில் கொய்யாவோ முருங்கைக்காயோ. இரண்டு பேரும் எதிரெதிர்த் திசைப் பஸ் வரும்வரை பக்கத்தில் பக்கத்தில் நிற்போம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பதினோராம் வகுப்புக்கு அலைகள் பாடம் வந்தது. மனிதக் காது எந்த அதிர்வெண் வரைக்கும் கேட்கும் என்று காட்டுவதற்காக போனில் ஒரு செயலி போட்டு வைத்திருக்கிறேன். திரையில் விரலை இழுத்தால் சுருதி மேலே மேலே ஏறும். அதை வகுப்பு ஸ்பீக்கரில் மாட்டி ஏற்றிக்கொண்டே போனேன். கேட்பது நின்றதும் கையை இறக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் ஒலி அறுந்துவிட்டது. ஸ்பீக்கர் வயர்தான் லூசாகிவிட்டது என்று குனிந்து அதை அழுத்திப் பார்த்தேன், சத்தத்தைக் கூட்டினேன். நிமிர்ந்தால் வகுப்பு முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

"மிஸ், போதும் மிஸ். காது வலிக்குது" என்றாள் முதல் பெஞ்சில் ஒருத்தி.

எனக்கு அங்கே எதுவுமே இல்லை. வெறும் ஃபேன் ஓட்டம். பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பது மட்டும் தெரிந்தது. போனை அணைத்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிச் சூத்திரத்தை எழுதினேன். எழுதும்போதே புரிந்துவிட்டது. எங்கே எனக்குக் கேட்பது அறுந்ததோ, கிட்டத்தட்ட அந்தச் சுருதியில்தான் என் நாதமும் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து நானே என்னைச் சோதித்தேன். நாதம் உடம்பைச் சாராதது என்று ஐயா சொல்லியிருக்கிறார். அப்படியானால் உடம்பை என்ன செய்தாலும் அது மாறக் கூடாது. பல்லை இறுக்கிக் கடித்தேன். சுருதி சட்டென்று ஏறியது. விட்டேன், இறங்கியது. மறுபடி கடித்தேன், மறுபடி ஏறியது. ஆன்மாவுக்குத் தாடையோடு என்ன சம்பந்தம்? ஒரு நல்ல சோதனை செய்துவிட்ட சந்தோஷம் ஒரு நொடி வந்தது, உண்மையாகவே வந்தது. அடுத்த நொடியே போய்விட்டது.

அதன் பிறகும் டாக்டரிடம் போகாமல் மழைக்காலம் முழுக்கத் தள்ளிப்போட்டேன். போனால் இது நோய் என்று ஆகிவிடும். நோய் என்றால் குணமாகிவிடக்கூடும். குணமாகிவிட்டால் வீடு காலியாகிவிடும். என் கணக்கு இவ்வளவுதான். ஊருக்கெல்லாம் ரீடிங் போடாதே என்று கத்துகிறவள், எட்டு புள்ளி ஒன்று வந்ததைப் பார்த்த பிறகும் எழுதாமல் பேனாவை மூடி வைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்காரும்போது இது குறுகுறுக்க ஆரம்பித்தது. வந்ததைப் பிடிக்கவில்லை என்று தள்ளாதே என்று ஐயா சொல்லும்போது, அவர் என்னைப் பார்த்துச் சொல்வதாகத் தோன்றியது. அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார்.

கடைசியில் தை பிறந்த பிறகு தருமபுரியில் ஒரு காது டாக்டரிடம் போய், உள்ளே கேட்கும் ஒலியைச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, கேட்கும் திறனைச் சோதிக்கிற பெண்ணிடம் அனுப்பினார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றாள். கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம். கேட்டபோது மட்டும் அழுத்தினேன். வெளியே வந்ததும் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கோடு ஓரிடம் வரை மேலேயே நேராகப் போய், பிறகு சரிந்து கீழே விழுந்திருந்தது.

"இரைச்சல் கேக்கற எடமும் இதாங்க மேடம்" என்றாள். "காது அனுப்பறது கொறஞ்சு போச்சுன்னா, மூளை தானா வால்யூமைக் கூட்டி வெச்சுக்கிட்டுக் காத்திருக்கும். அப்ப வர்ற சத்தம் இது. எப்ப இருந்துங்க கேக்குது?"

"எங்கம்மா தவறுனதுக்கு அப்பறம்" என்றேன்.

அவள் வரைபடத்தை மறுபடி பார்த்தாள். "அதுக்கு முன்னாடியே இருந்திருக்குமுங்க. வூட்ல ஆளு இருந்தா பேச்சு, டிவி, பாத்திரச் சத்தம்னு எதாவது இருந்துக்கிட்டே இருக்கும். அதுல தெரியாது. வூடு அமைதியானதும் வெளிய தெரிஞ்சிருக்கும்."

அந்த அறையில் அழக்கூடாது என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். அம்மாவின் இருமலும் டிவி சீரியலும் இத்தனை வருஷம் அதை மூடி வைத்திருந்திருக்கின்றன. நான் தெய்வம் வந்துவிட்டதாக நினைத்தது அம்மா இல்லாததைத்தான். அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். காது மிஷின் போட்டால் இரைச்சல் அடங்கும், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. அதையே உற்றுக் கவனிக்காதீர்கள், கவனிக்கக் கவனிக்கப் பெரிதாகும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை உற்றுக் கவனிப்பதற்கு நான் முறையாகப் பயிற்சி எடுத்திருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மிஷின் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று வீடு வேறாக இருந்தது. குழாய் சொட்டியது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. நான் நடந்தால் செருப்பு தரையில் உரசியது. நைலக்ஸ் புடவை சரசரத்தது. எல்லாச் சத்தத்துக்கும் காரணம் நானோ பக்கத்து வீடோதான். கால் மடக்கிக் கண்ணை மூடினேன். ஒலி எங்கேயோ தூரத்தில், இருக்கிறதா இல்லையா என்ற அளவில் கிடந்தது. தேடிப் போகாமல் மூச்சை மட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று தெரிந்தது. இத்தனை நாளும் நான் தனியாக உட்காரவே இல்லை. துணைக்கு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றுதான் அறையில் ஒருத்தி மட்டும் இருக்கிறாள். பயமாக இருந்தது. பயம் என்று பார்த்தேன். நெஞ்சு அடித்தது, அதையும் பார்த்தேன். எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பெரிய அமைதியெல்லாம் வரவில்லை.

அந்த ஞாயிறு ஹாலில் அனுபவம் பேசும் நேரத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். எனக்குக் கேட்டது காதுக்குறையால் வந்த இரைச்சல், தருமபுரியில் சோதித்துவிட்டேன், இதோ மிஷின் என்று கூந்தலை ஒதுக்கிக் காட்டினேன். யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத் தயாராகப் போயிருந்தேன். ஐயா பொறுமையாகக் கேட்டார். "அதுவும் நாதந்தாம்மா. காது வழியா வந்திருக்கு" என்றார். ஹால் முழுக்கத் தலையசைத்தது. பின்னால் யாரோ, "டீச்சருக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றது மிஷின் வழியாகத் துல்லியமாக என் காதில் விழுந்தது. கோபத்தில் போய்ப் பின்னால் பாயில் உட்கார்ந்தேன். அதற்கும் இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கூட்டம் முடிந்து கீழே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பாப்பிரெட்டிப்பட்டி அம்மா பையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்கம்மா."

"எனக்கு எதுவுமே கேக்கலீங்க. இன்னிக்கி வரைக்கும் ஒண்ணுங்கூடக் கேட்டதில்ல. எல்லாரும் கேக்குதுங்கறாங்களேன்னு நானும் கேக்குதுன்னுட்டு முன்னால வந்து உக்காந்துக்கிட்டன். பின்னால உக்காந்தா யாரும் வந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாங்க. ஒங்களுக்கு நோவோ என்னவோ, ஒரு சத்தமாச்சும் கேட்டுச்சு. எனக்கு அதுவும் இல்லீங்க."

அவர் பேசிய ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இவர் இவ்வளவு பேசுவாரா என்று ஆச்சரியமாக இருந்தது. என் டீச்சர் புத்தி முந்திக்கொண்டது. "இத ஏம்மா இத்தன நாளா யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஒங்ககிட்டதான் சொன்னனே டீச்சர். மாங்கா சீசன்ல, இதே எடத்துல. எனக்கு ஒண்ணுமே கேக்கல, வூட்லயும் பேச ஆளில்ல, பொழுது போயி பொழுது வந்தா நெஞ்சு அடைக்குது, என்னதாங்க பண்றதுன்னு கேட்டன். நீங்க சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனீங்க. சரி, டீச்சருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, வர்றப்ப தானா வரும்ங்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டன். அப்பறமும் ரெண்டு மூணு தரம் சொன்னன். அப்பவும் அப்படித்தான் தலையாட்டுனீங்க."

எனக்கு அது எதுவும் நினைவில் இல்லை. மாங்காய் கொடுத்தது நினைவிருக்கிறது. வாங்கிக்கொண்டதும் நினைவிருக்கிறது. மாங்காயைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்திருப்பேன். இவர் இங்கே நின்று நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், நான் எனக்குள்ளே சீறுவதைத் துணை என்று கேட்டுக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

கடத்தூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னைத் தெரிந்தவர். "ஏறுங்க டீச்சர், அடுத்தது லேட்டாவும்" என்றார். வரவில்லை என்று கையைக் காட்டினேன்.

"அன்னிக்கி நீங்க சொன்னது என் காதுல விழலீங்க" என்றேன் அந்த அம்மாவிடம். "ஒரு வார்த்தகூட விழல. மறுபடியும் மொதல்ல இருந்து சொல்றீங்களா?"

அவர் பஸ் போவதைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.